குழந்தை மருந்தும் அதன் விலையும்

இம்மலருக்குக் கட்டுரை வேண்டிய பழைய மாணவர் சங்கத்தார், தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து இலக்கியப் பொருளொன்றையே எதிர்பார்த்திருப்பர். ஆயினும் திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை வகுப்பிற் கற்பிக்குந்தோறும் எம்மனத்தில் எழும் வினாவொன்றே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார் வள்ளுவர். இந்நான்கும் இருந்தும், மருந்தின் விலை பெற்றோர் கைக்கெட்டாமையால் ஒரு குழந்தை இறக்குமாயின், அக்குறையை இந்நான்கனுள் எதன்மேல் ஏற்றுவது? விலையை ஐந்தாம் உறுப்பாக எண்ணவேண்டிய நிலையிலேயே வறிய நாடுகள் பல இன்று இருக்கின்றன.

நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை என்பதன்று இங்குள்ள இடர். உலகில் 2022ஆம் ஆண்டில் ஐந்து வயதை எட்டாது மாண்ட குழந்தைகள் ஏறத்தாழ 49 இலட்சம் பேர். நியூமோனியா என்னும் நுரையீரல் அழற்சியால் மட்டும் 2019ஆம் ஆண்டில் இறந்த குழந்தைகள் ஏறத்தாழ 7 இலட்சத்து 40 ஆயிரம் பேர். இந்நோய்க்குக் கொடுக்கப்படும் அமொக்சிசிலின் புது மருந்தன்று. அதன் ஆக்கவுரிமைக் காலம் முடிந்து நெடுநாளாயிற்று. உலக சுகாதாரத் தாபனம் 2014இல் வகுத்த முறைப்படி, ஓராண்டு நிரம்பாத கைக்குழந்தைக்கு 250 மில்லிகிராம் குளிசை காலையொன்றும் மாலையொன்றுமாக ஐந்து நாளைக்குப் பத்துக் குளிசைகள் வேண்டும். யுனிசெப் போன்ற நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும்போது இப்பத்தின் விலை அரை அமெரிக்க டொலருக்கும் குறைவு. ஓர் உயிரின் விலை அவ்வளவே. அவ்வளவும் இல்லாத வீடுகளும், அவ்விலைக்கு அம்மருந்து வந்துசேராத ஊர்களும் உள.

வயிற்றோட்டத்தின் கதையும் இதுவே. 1971இல், வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்காளத்துப் பொங்காவ் ஏதிலியர் முகாமில் வாந்திபேதி பரவியது. நாளத்தினூடாக ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகவே, டொக்டர் திலீப் மகலனபிஸ் என்பார் குளுக்கோசும் உப்பும் அளவாகக் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு நூற்றுக்கு நான்கிலும் குறைந்தது. எமது நாட்டில் ஜீவனி என்று வழங்கும் பொட்டலம் அவ்வழி வந்ததே. இன்றைய சூத்திரப்படி ஒரு லீற்றர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோசு, 2.6 கிராம் கறியுப்பு, 1.5 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு, 2.9 கிராம் சோடியம் சித்திரேற்று, ஆக 20.5 கிராம் மாவு. இதனுடன் நாகம், அஃதாவது துத்தநாகம், சேர்ந்த குளிசையைப் பத்து முதல் பதினான்கு நாள் கொடுக்குமாறு 2004இல் உலக சுகாதாரத் தாபனமும் யுனிசெப்பும் கூறின. இவ்விரண்டும் சேர்ந்தும் சில சதங்களே ஆகும். இதில் வியப்பென்னவெனில், இத்துணை மலிவாயிருப்பதே இம்மருந்துக்குப் பகையாயிற்று. விற்பவனுக்கு இதில் இலாபம் சொற்பம். ஆதலின் வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் வேண்டாத நுண்ணுயிர்க்கொல்லி மருந்தொன்றை அதிக விலைக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் பல நாடுகளில் உண்டு.

இனி, குழந்தை மருந்துக்கெனத் தனியே ஒரு சிக்கல் உளது. குழந்தை வளர்ந்தவரின் சிற்றுருவன்று. அதன் ஈரலும் சிறுநீரகமும் மருந்தைக் கையாளும் திறன் மாதந்தோறும் மாறுவது. வளர்ந்தவர் குளிசையை நான்காக உடைத்துக் கொடுப்பின் ஒரு துண்டிற் கூடும், ஒரு துண்டிற் குறையும். இதற்காகவே பாணி மருந்து வந்தது. ஆனால் பாணி என்பது பெரும்பாலும் நீர். அந்நீரைப் போத்தலில் அடைத்துக் கப்பலேற்றிக் கரடுமுரடான வீதிகளில் ஏற்றிச்செல்லும் செலவும் மருந்தின் விலையோடு சேர்கின்றது. தூளாக வருவதைக் கலக்கத் தூய நீர் வேண்டும். கலந்தபின் சிலவற்றைக் குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும். ஓலைக் குடிசையில் குளிர்ப்பெட்டிக்கு எங்கே போவது? ஆதலால், ஒரு கரண்டி நீரிலோ தாய்ப்பாலிலோ இட்டவுடன் கரைந்துபோகும் குளிசையே இன்று சிறந்ததெனக் கொள்ளப்படுகின்றது. அது மலிவு, பாரமில்லை, அளவும் பிசகாது. மேலே சொன்ன அமொக்சிசிலின் குளிசையும் அவ்வகையினதே.

விலை கூடிற்றா குறைந்ததா என்பதை ரூபாயைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. 2003இல் உலக சுகாதாரத் தாபனமும் ஒரு பன்னாட்டு நலன்புரி அமைப்பும் நல்லதோர் அளவுகோலை வகுத்தன. அரசாங்கத்தின் மிகக் குறைந்த சம்பளம் பெறும் தொழிலாளி ஒருவர் அம்மருந்தை வாங்க எத்தனை நாள் உழைக்கவேண்டும் என்பதே அது. அம்முறையில் 36 நாடுகளில் திரட்டிய கணக்குகள் 2009இல் வெளியாயின. அரசாங்க வைத்தியசாலைகளில், பார்த்த மருந்துகளுள் கையிருப்பில் இருந்தவை உலகப் பகுதிக்கேற்ப நூற்றுக்கு 29 முதல் 54 வரையே. எஞ்சியவற்றுக்குத் தனியார் கடைக்கே போகவேண்டும். அங்கே மொத்த வியாபாரி ஏற்றும் இலாபம் நூற்றுக்கு 2 முதல் 380 வரை இருந்ததாம்! இலாபம் இலாபத்தின்மேல் ஏறுவதையும் கவனித்தல் வேண்டும். நூறு ரூபா மருந்தில் இறக்குமதியாளர் நூற்றுக்குப் பத்தும், மொத்த வியாபாரி பதினைந்தும், கடைக்காரர் இருபதும் ஏற்றுவதாகக் கொள்வோம். கூட்டினால் நாற்பத்தைந்துதானே என்பர் மாணவர். தாயின் கையிலிருந்து போவதோ 151 ரூபா 80 சதம். (கணித ஆசிரியர் சரிபார்த்துக்கொள்வாராக.)

பெயரிலும் விலை உண்டு. ஒருபொருட் பன்மொழி செய்யுளுக்கு அழகு செய்யலாம். மருந்துச் சீட்டுக்கு அஃது அழகன்று. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பரசிற்றமோல் என்னும் ஒரு பொருளுக்கே கடையிற் பல வணிகப் பெயர்கள். நன்னூலார் வகுத்த பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்னும் பாகுபாட்டை மருந்துக் கடையிலும் பிரயோகிக்கலாம்போலும்: பொதுப்பெயரிற் கேட்பவன் பொருளுக்கு விலை கொடுக்கின்றான், சிறப்புப்பெயரிற் கேட்பவன் பெயருக்கும் சேர்த்துக் கொடுக்கின்றான்.

இதனை உலகுக்கு முன்னதாகவே உணர்த்தியவருள் ஒருவர் எமது நாட்டவரான பேராசிரியர் சேனக பிபிலே. அவரும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் பயனாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது; அதன் முதற் தலைவரும் பிபிலேயே. நாட்டில் புழங்கிய இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்துவகைகளை ஏறத்தாழ அறுநூறாகச் சுருக்குவது, அவற்றைப் பொதுப்பெயரால் வழங்குவது, முழு நாட்டுக்கும் வேண்டியதை ஒருங்கே கணக்கிட்டு உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி வாங்குவது என்பன அவருடைய திட்டம். சிறு நாடு ஒன்று பெரிய கம்பனிகளிடம் தனித்தனியே போய் நிற்பதிலும், ஒரே குரலாய்க் கேட்பதால் விலை இறங்கும் என்பதே இதன் உட்பொருள். எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. 1977இல் ஆட்சி மாற, திட்டத்தின் பெரும்பகுதி தளர்ந்தது. அவ்வாண்டிலேயே பிபிலே கயானா நாட்டிற் காலமானார். உலக சுகாதாரத் தாபனம் தனது முதலாவது இன்றியமையா மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே 1977இல். குழந்தைகளுக்கெனத் தனிப்பட்டியல் வர மேலும் முப்பது ஆண்டு சென்றது. அது 2007இலேயே வெளியாயிற்று. அம்முப்பது ஆண்டுத் தாமதத்தைச் சிறு விடயமாக நாம் கருதவில்லை.

எச்.ஐ.வி. நோயின் வரலாறு இதனிலும் தெளிவான சான்று. செல்வ நாடுகளில், கருவுற்ற தாய்மாருக்கு மருந்து கொடுத்துப் பிள்ளைக்கு நோய் தொற்றாமற் காத்தனர். ஆகவே நோயுற்ற குழந்தைகள் பெரும்பாலும் ஆபிரிக்காவின் வறிய நாடுகளிலேயே இருந்தனர். வாங்கும் வலியில்லாதோருக்கெனத் தனி மருந்து செய்ய வணிகர் முந்துவாரோ? இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துப் பொருளுக்கன்றி அதனைச் செய்யும் முறைக்கே ஆக்கவுரிமை வழங்கியமையால், அங்குள்ள கம்பனிகள் மலிவான மருந்துகளைச் செய்யப் பழகியிருந்தன. பல நாடுகளின் தேவையை ஒன்றுசேர்த்து அமைப்புகள் சில பேரம் பேசின. 2006இன் இறுதியில் குழந்தைக்கான மருந்தின் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 60 டொலராக இறங்கியது. மேலும் திறம்பட்ட டொலுடெக்ராவிர் என்னும் மருந்து, நீரிற் கரையும் குளிசையாக, செம்புற்றுப்பழச் சுவையுடன் 2020இல் வந்தபோது, 480 டொலருக்கு மேற்பட்டிருந்த ஆண்டுச் செலவு 120 டொலருக்குக் கீழானது. பிபிலே ஒரு தீவுக்குச் செய்யமுனைந்ததையே இங்கு பல நாடுகள் கூடிச் செய்தன.

மலிவு மட்டும் போதுமோவெனில், போதாது. 2022இல் காம்பியா நாட்டில் ஏறத்தாழ எழுபது குழந்தைகள் இருமற் பாணி அருந்திச் சிறுநீரகம் கெட்டு மாண்டனர். 2025இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், தமிழ்நாட்டுக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்ட பாணியொன்றால் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். இரண்டிலும் காணப்பட்டது டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் ஆலைக் கரைசற்பொருள். மருந்துக்குரிய தூய கரைப்பானைப் போன்ற தோற்றமும் இனிப்பும் உடையது, விலையோ குறைவு. பரிசோதனையில்லா மலிவு கொலையாகவும் முடியும். ஆய்வுகூடமும் அதனை நடத்தும் நேர்மையான அலுவலரும் இருக்கும் செலவைக் கழித்துவிட்டு மருந்தின் விலையைப் பேசுதல் கூடாது.

எமது நாட்டிலோ வைத்தியசாலை இலவசம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை நிறுவிற்று. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. ஆயின் மருந்தின் பெரும்பங்கு கடல்கடந்தே வருவதால், 2022இல் டொலர் வற்றியபோது மருந்துத் தட்டும் வற்றியது. இலவச வைத்தியசாலை வாயிலிலிருந்து, வெளியில் வாங்கும்படி எழுதிய துண்டுடன் தனியார் கடைக்கு நடந்த பெற்றோர் பலர். அத்துண்டைக் கொண்டு போகையில் அதிலுள்ள வணிகப் பெயருக்குப் பொதுப்பெயர் யாதெனக் கேட்பதும், அரச மருந்தகமாகிய ஒசுசலவில் அது உண்டோ என விசாரிப்பதும் எவர்க்கும் இயலும். குளிசை மாற்றத்தை மட்டும் மருத்துவரையோ மருந்தாளரையோ கேளாமற் செய்தலாகாது.

இன்னும் எஞ்சிய இடைவெளிகள் உள. மலேரியாவுக்கு நீரிற் கரையும் குழந்தைக் குளிசை 2009இலேயே வந்தது. ஆயினும் ஐந்து கிலோகிராமுக்குக் குறைந்த பச்சிளங் குழந்தைக்கென அளவிட்ட மருந்து இல்லாதிருந்தது. பெரிய பிள்ளைகளின் மருந்தையே மதிப்பிட்டுக் கொடுத்து வந்தனர். அத்தகைய குழந்தைகளுக்கான முதல் மருந்தைச் சுவிற்சர்லாந்தின் மருந்து அதிகாரசபை 2025 யூலையில் அங்கீகரித்தது. அதனைத் தத்தம் நாட்டில் விரைந்து பதிவதற்காக எட்டு ஆபிரிக்க நாடுகள் அம்மதிப்பீட்டில் உடன் பங்குபற்றின. பெரும்பாலும் இலாபம் கருதாத விலைக்கே அதனைக் கொடுப்பதாகச் செய்த கம்பனி அறிவித்துள்ளது.