பசிபிக் தீவுகளின் பெண்கள் கூடைப்பந்து: 12 பேரைத் திரட்டி அனுப்புவதே பெரிய ஆட்டம்

நவ்ரு என்னும் பசிபிக் தீவின் மக்கள்தொகை ஏறக்குறைய 12,000. நம் நாட்டில் பெரிய தாமான் ஒன்றில் இதைவிடக் கூடுதலானோர் குடியிருப்பர். அதில் பாதிப் பேர் ஆண்கள். மீதியில் சிறுமிகளையும் பாட்டிமாரையும் கழித்தால், ஆடும் வயதில் உள்ள பெண்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் தேறுவர். கூடைப்பந்து தெரிந்தவர்களாக, வேலையில் விடுப்பு கிடைக்கக் கூடியவர்களாக, கைக்குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு வரக் கூடியவர்களாக அவர்களிலிருந்து 12 பேரைத் தேட வேண்டும். அனைத்துலகப் போட்டிக்கு ஓர் அணியில் பதிவு செய்யப்படும் எண்ணிக்கை அது.

நவ்ருவைப் போன்ற தீவுகளுக்காக உருவானதுதான் பசிபிக் விளையாட்டுப் போட்டி. 4 ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் இதனை, நம் வட்டாரத்தின் சீ விளையாட்டுப் போட்டிக்கு ஒப்பிடலாம். 1959இல் ரபாவுலில் கூடிய தென் பசிபிக் மாநாட்டில் இந்த யோசனையை முன்வைத்தவர் பிஜியின் பேராளர் டாக்டர் ஏ.எச். சாஹு கான். அவர் இந்திய வம்சாவளியினர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. 1963இல் பிஜியின் சுவா நகரில் முதல் போட்டி நடந்தது. கடைசியாக 2023இல் சாலமன் தீவுகளின் ஹோனியாராவில் நடந்தது. அடுத்தது 2027இல் தாஹித்தியில்.

இதில் பெண்கள் கூடைப்பந்துக்குத் தனி மவுசு உண்டு. காரணம், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அதில் இல்லை. 2015ஆம் ஆண்டிலிருந்து இவ்விரு நாடுகளும் பசிபிக் விளையாட்டுப் போட்டிக்கு அழைக்கப்படுகின்றன என்றாலும், குறிப்பிட்ட சில விளையாட்டுகளில் மட்டுமே இடம் தரப்பட்டது. ஆஸ்திரேலியப் பெண்கள் 2022 உலகக் கிண்ணத்திலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் வெண்கலம் வென்றவர்கள். அவர்கள் களத்தில் இறங்கினால் தங்கம் யாருக்கு என்ற கேள்வியே எழாது. அவர்கள் வராததால் பிஜிக்கும் சமோவாவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் தங்கக் கனவு காண இடமிருக்கிறது. இதைச் சலுகை என்று சிலர் சொல்லக்கூடும். 9 லட்சம் பேர் கொண்ட பிஜி, இரண்டரைக் கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டோடு மோதி 80 புள்ளி வித்தியாசத்தில் தோற்பதால் யாருக்கு என்ன லாபம்?

ஆனால் விரும்பிய அணியெல்லாம் நேரே போட்டிக்கு வந்துவிட முடியாது. பசிபிக் தீவுகள் மெலனீசியா, மைக்ரோனீசியா, பாலினீசியா என 3 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் முதலில் வட்டாரக் கிண்ணப் போட்டி நடக்கும். அதில் முன்னுக்கு வருபவை பசிபிக் போட்டிக்குப் போகும். ஏற்று நடத்தும் நாட்டுக்கு நேரடி இடம். மெலனீசியக் கிண்ணம் 2017இல் போர்ட் மோர்ஸ்பியிலும் 2022இல் சுவாவிலும் நடந்தது. பிஜி, பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, நியூ கலிடோனியா ஆகியவை இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவை. பப்புவா நியூ கினியில் சுமார் ஒரு கோடிப் பேர். வனுவாட்டுவில் 3 லட்சம் சொச்சம். இரண்டும் ஒரே பட்டியலில்தான்.

'நாடு' என்ற சொல்லையும் இங்கே கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். நியூ கலிடோனியாவும் தாஹித்தியும் பிரான்சின் ஆட்சிப் பகுதிகள். குவாம், அமெரிக்க சமோவா, வட மரியானா தீவுகள் அமெரிக்காவைச் சேர்ந்தவை. இவற்றுக்கு ஐக்கிய நாடுகள் சபையில் இருக்கை இல்லை. ஆனாலும் கூடைப்பந்துத் திடலில் சொந்தப் பெயரில், சொந்தக் கொடியோடு இறங்கலாம். அந்தத் தீவு மக்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

அடுத்த சிக்கல் பயணம். பள்ளிப் போட்டிக்கு வேனில் ஏறி ஈப்போவுக்குப் போய்வருவது போன்ற கதையல்ல இது. குவாமிலிருந்து ஹவாய்க்குச் செல்லும் ஒரு விமானச் சேவை சூக், போன்பே, கோஸ்ரே, குவாஜலின், மஜுரோ என ஒவ்வொரு தீவாக இறங்கி ஏறிப் போகும், நம் ஊர் பஸ் மாதிரி. பல தீவுகளுக்கு வாரத்தில் சில நாள் மட்டுமே விமானம். கிரிபாத்தியின் 33 தீவுகள் கிழக்கு மேற்காக 3,000 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கின்றன. தேசிய அணிக்கு ஆள் தேர்வு செய்யவே கடல் கடக்க வேண்டும். 4 நாள் போட்டிக்கு 2 வாரம் வீட்டைவிட்டுப் பிரிந்திருப்பது அங்கே சகஜம்.

செலவை யார் ஏற்பது? இவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் அல்லர். ஆசிரியர், தாதி, அலுவலக ஊழியர், மாணவி. தீவு அரசுகளிடமும் காசு குறைவு. 2019 போட்டியை ஏற்று நடத்துவதாக இருந்த தொங்கா, செலவைக் காரணம் காட்டி 2017இல் விலகிக்கொண்டது. சமோவா முன்வந்து அதை நடத்தியது. இருக்கிற பணமும் முதலில் ரக்பிக்குத்தான் போகும். பிஜியின் முதல் ஒலிம்பிக் பதக்கமே 2016இல் எழுவர் ரக்பி ஆண்கள் வென்ற தங்கம்தான்.

பெண்கள் பக்கத்திலேயே இன்னொரு போட்டியாளர் உண்டு: வலைப்பந்து. நம் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் ஆடும் அதே வலைப்பந்துதான். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் செல்வாக்கு இருந்த தீவுகளில் அது வேரூன்றிவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை வலைப்பந்தின் பெயரே 'பெண்கள் கூடைப்பந்து' என்பதுதான். வளையம் இரண்டிலும் 3.05 மீட்டர் உயரம். ஆனால் வலைப்பந்தில் 7 பேர், பின்பலகை இல்லை, பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. உயரமான, வேகமான ஒரு பெண் கிடைத்தால் இரு சங்கங்களும் அவளையே தேடும். அமெரிக்கச் செல்வாக்கு இருந்த குவாம், பலாவ், மார்ஷல் தீவுகளில் நிலைமை வேறு. அங்கே கூடைப்பந்துதான் ராஜா.

ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கத் தீவுகள் வெளியூர்ப் பிள்ளைகளை நாடுகின்றன. குக் தீவுகளில் இருப்பவர்களைவிட நியூசிலாந்தில் வாழும் குக் தீவு மக்கள் பல மடங்கு அதிகம். சமோவா, தொங்கா வம்சாவளியினரும் ஆக்லாந்திலும் சிட்னியிலும் அமெரிக்காவிலும் நிறைந்திருக்கிறார்கள். அங்கே நல்ல பயிற்சி பெற்ற ஒரு பெண், பாட்டியின் ஊருக்காக ஆட விரும்பினால் கடப்பிதழ் வேண்டும். அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதி இங்கே குறுக்கே நிற்கிறது. 16 வயதுக்குப் பிறகு ஒரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றவர், அணிக்கு ஒருவர் மட்டுமே ஆடலாம். பெற்றோர் அந்தத் தாளை 15 வயதில் எடுத்து வைத்திருந்தால் சிக்கலே இல்லை. 17 வயதில் எடுத்தால், அந்த ஒரே இடத்துக்கு மற்றவர்களோடு முட்டி மோத வேண்டும். திறமையில் குறை ஏதுமில்லை, பாரம் நிரப்பிய தேதிதான் குறை. பணக்கார நாடுகள் ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்காமல் தடுக்க வந்த விதி, உண்மையான ரத்த உறவு உள்ள பிள்ளைகளையும் சேர்த்தே தடுக்கிறது.

பசிபிக் போட்டிக்கு மேலே ஒரு கதவும் திறந்திருக்கிறது. 2017 முதல் ஓசியானியாவும் ஆசியாவும் சேர்ந்து ஒரே பெண்கள் ஆசியக் கிண்ணத்தில் ஆடுகின்றன. அந்த ஆண்டு பெங்களூரில் நடந்த போட்டியின் 'பி' பிரிவில் பிஜிப் பெண்கள் களமிறங்கினர். சிங்கப்பூர், இலங்கை அணிகளும் அதே பிரிவில்தான் இருந்தன. அதை வென்று மேல் பிரிவுக்கு ஏறியது இந்தியா. 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் போய் இறங்கிய பிஜியிலிருந்து ஒரு தேசிய அணி தென்னிந்திய நகருக்கு ஆட வந்தது.

சின்னத் தீவுகள் இப்போது கண் வைத்திருப்பது 3க்கு 3 கூடைப்பந்தின் மீது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமான இந்த ஆட்டத்துக்குப் பாதித் திடல், ஒரே வளையம், 10 நிமிடம் போதும். 21 புள்ளியை முதலில் எட்டினால் அதற்கு முன்பே முடிந்துவிடும். மாற்று ஆட்டக்காரரையும் சேர்த்து அணிக்கு 4 பேர். 12 விமான டிக்கெட் வாங்க முடியாத தீவு, 4 டிக்கெட் வாங்கிவிடும்.