திருத்தம் எழுதியாகிவிட்டது, உங்கள் போனுக்கு வந்ததா?

2017 நவம்பரில் ஷாவ்மி நிறுவனம் ரெட்மி 5ஏ என்ற போனை இந்தியாவில் 4,999 ரூபாய்க்கு இறக்கியது. லினக்ஸ் கெர்னலில் இரவும் பகலும் பிழை தேடும் கூகுளின் சிஸ்பாட் என்ற தானியங்கிக் கருவி ஓர் ஓட்டையைக் கண்டு சொன்னதும் அதே மாதத்தில்தான். அந்த ஓட்டை பல ஆண்ட்ராய்டு போன்களில் இருந்தது. பிற்பாடு வெளியான பட்டியலில் ரெட்மி 5ஏவின் பெயரும் வந்தது.

கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடியபின், ஊரில் பல ஆயிரம் பேரின் பிழைப்பு பெங்களூருக்குப் போகும் ரயிலை நம்பியே இருக்கிறது. சம்பளம் வந்த குறுஞ்செய்தி, யுபிஐ, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என எல்லாம் விலை குறைந்த ஒரு போனுக்குள் அடங்கிவிட்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். அதனால்தான் கெர்னல் ஓட்டை என்பதைக் கம்ப்யூட்டர் படித்தவர்களின் கவலை என்று நான் ஒதுக்குவதில்லை.

போனில் நாம் பார்க்கும் ஆப்களுக்கும் சிப், நினைவகம், கேமரா போன்ற பாகங்களுக்கும் நடுவில் நின்று காவல் காக்கும் மென்பொருள்தான் கெர்னல். டார்ச் ஆப், வங்கி ஆப்பின் நினைவகத்தை எட்டிப் பார்க்க முடியாமல் தடுப்பது அதுவே. எந்தத் துண்டு நினைவகம் யாருக்கு, எப்போது திரும்ப வாங்குவது என்ற கணக்கையும் அதுவே வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு பிசகுவதுதான் நினைவகப் பாதுகாப்புப் பிழை.

சுரங்கக் கம்பெனி தொழிலாளிக்குத் தரும் மைன்ஸ் லைன் வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி வேலையை விட்டுப் போகிறார், வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைக்கிறார், வேறொரு குடும்பம் குடிவருகிறது. ஆனால் பழைய சாவி ஒன்று இன்னொருவர் கையில் தங்கிவிட்டது. வீடு கைமாறியது அவருக்குத் தெரியாது. பழைய ஆள்தான் உள்ளே இருக்கிறார் என்று நினைத்துத் திறந்து, சாமானை எடுத்து மாற்றி வைக்கிறார். ஆண்ட்ராய்டில் ஆப்கள் ஒன்றோடொன்று பேச உதவும் பைண்டர் என்ற பகுதியில் நடந்தது இதுதான். ஒரு வேலை முடிந்ததும் அதற்கான நினைவகத்தைப் பைண்டர் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் ஈபோல் என்ற இன்னொரு பகுதி அந்தப் பழைய முகவரியை வைத்துக்கொண்டே இருந்தது; பிறகு அதே இடத்தில் எழுதவும் செய்தது.

தற்செயலாக நடந்தால் போன் முடங்கி ரீஸ்டார்ட் ஆகும், அவ்வளவுதான். ஆனால் தாக்குபவர், காலியான இடத்தில் எது வந்து அமர வேண்டும் என்பதைத் தானே ஏற்பாடு செய்கிறார். அதன்மேல் கெர்னல் எழுதும்போது, கெர்னலின் நினைவகம் முழுவதையும் படிக்கவும் மாற்றவும் அவருக்கு வழி திறக்கிறது. அதன்பின் அந்தப் போனில் அவர் தொட முடியாதது என்று அநேகமாக எதுவும் இல்லை.

2018 பிப்ரவரியில் திருத்தம் வந்தது. நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஈபோலிடம் சொல்லி அந்த முகவரியை விடச் செய்யும் சில வரிகள்தான். லினக்ஸ் 4.14லும், ஆண்ட்ராய்டின் 3.18, 4.4, 4.9 பொதுக் கெர்னல்களிலும் அவை சேர்ந்தன. ஆனால் அதைப் பாதுகாப்புக் குறை என்று யாரும் பதிவு செய்யவில்லை. அடையாள எண் தரப்படவில்லை. ஆண்ட்ராய்டின் மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கையிலும் ஏறவில்லை. போன் கம்பெனிகளின் கண்ணுக்கு அது நூற்றுக்கணக்கான சில்லறைத் திருத்தங்களில் ஒன்று. ஏற்கெனவே விற்ற போன்கள் பலவற்றுக்கு அது போகவே இல்லை. இந்த விவகாரத்தில் பெரிய தவறு இதுதான் என்பேன். பிழை செய்வது மனித இயல்பு. திருத்தியதைத் திருத்தம் என்று உரக்கச் சொல்லாமல் விட்டதுதான் மக்களைக் காட்டிக்கொடுத்தது.

2019 செப்டம்பர் 27 அன்று கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த மேடி ஸ்டோன், இந்த ஓட்டை தாக்குதலில் பயன்படுகிறது என்று ஆண்ட்ராய்டு குழுவிடம் புகார் செய்தார். உளவு மென்பொருள் விற்கும் இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்துடன் அதைத் தொடர்புபடுத்தும் தகவல் புராஜெக்ட் ஜீரோவுக்குக் கிடைத்திருந்தது, என்எஸ்ஓ மறுத்தது. ஓட்டையை அடைக்க வழக்கமாக 90 நாள் அவகாசம் தரும் அந்தக் குழு, தாக்குதல் நடந்துகொண்டிருந்ததால் 7 நாளே தந்து விஷயத்தை வெளியிட்டது. அப்போதுதான் சிவிஇ-2019-2215 என்ற எண் கிடைத்தது, அக்டோபர் திருத்தத்திலும் இடம் கிடைத்தது. 2020 ஜனவரியில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம், கேமரா ஆப் வேடமிட்டு இதே ஓட்டையைப் பயன்படுத்திய ஓர் ஆப் பிளே ஸ்டோரிலேயே இருந்ததைக் காட்டியது.

கெர்னலை எழுதுபவர், கூகுள், சிப் கம்பெனி, போன் கம்பெனி என நான்கு கை மாறித்தான் ஒரு திருத்தம் நம்மிடம் வருகிறது. விலை குறைந்த போனுக்குக் கடைசிக் கை சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. வேர் மட்டத்திலும் வேலை நடக்கிறது. நினைவகக் கணக்கை மொழியே சரிபார்க்கும் ரஸ்ட் மொழியில் ஆண்ட்ராய்டின் புதிய பகுதிகள் எழுதப்படுகின்றன. 2019இல் ஆண்ட்ராய்டு குறைகளில் 76 சதவீதமாக இருந்த நினைவகப் பிழைகள் 2024இல் 24 சதவீதமாகக் குறைந்தன என்கிறது கூகுள்.

நம் கையில் இருப்பதற்கு வருவோம். செட்டிங்ஸில் 'அபவுட் ஃபோன்' பகுதிக்குள் ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி பேட்ச் என்று ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி வரைக்குமான திருத்தங்கள் உங்கள் போனில் உள்ளன என்று பொருள். மேலே சொன்ன ஓட்டைக்கு அது 2019 அக்டோபர் 6 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். பிளே ஸ்டோரில் ஆப்களைப் புதுப்பித்தால் இந்தத் தேதி நகராது. சிஸ்டம் அப்டேட் தனி. ரீஸ்டார்ட் ஆகும்போதுதான் புதிய கெர்னல் ஏறும் என்பதால், அப்டேட்டை இறக்கிவிட்டு 'லேட்டர்' அழுத்திக்கொண்டே இருந்தால் பழைய ஓட்டையோடுதான் நடமாடுகிறீர்கள். 16 ஜிபி போன்களில் வாட்ஸ்அப் வீடியோக்கள் இடத்தை அடைத்து அப்டேட்டையே இறங்கவிடாது. முதலில் அவற்றை அழியுங்கள்.

"ரீசெட் அடித்தால் சரியாகிவிடும்" என்று கடையில் சொல்வார்கள். ரீசெட்டால் கெட்ட ஆப் போகலாம், கெர்னல் அதே கெர்னல்தான். இந்த வகைத் தாக்குதல் பெரும்பாலும் ஓர் ஆப்பின் வழியாகவோ பிரவுசரின் வழியாகவோதான் நுழையும். ஆகவே வாட்ஸ்அப்பில் வரும், ஆப்பை நிறுவும் ஏபிகே கோப்பைத் தொடாதீர்கள், அது மின்கட்டண ரசீது என்றோ கல்யாணப் பத்திரிகை என்றோ வந்தாலும். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

தேதி இரண்டு வருடம் பின்தங்கியிருந்து, அப்டேட்டும் இனி வராது என்றால் அந்தப் போனில் வங்கி ஆப்பையும் யுபிஐயையும் வைத்திருப்பது சரியல்ல. வீட்டில் யாருடைய போனில் தேதி புதிதாக இருக்கிறதோ அதற்கு அவற்றை மாற்றுங்கள். பழையதைப் பாட்டுக் கேட்கவும் பேசவும் வைத்துக்கொள்ளலாம்.