உங்களுக்குத் தெரியுமா? பலூனில் பறந்த தபால்!

ஒரே ஒரு தந்தியைச் சுருக்கி ஒரு யுத்தத்தையே வரவழைத்தவர் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்! 1870 ஜூலை 13. எம்ஸ் நகரில் ஓய்வில் இருந்த பிரஷ்ய மன்னர் வில்ஹெல்மிடம் பிரெஞ்சுத் தூதர் பெனடெட்டி ஒரு வாக்குறுதி கேட்டார். மன்னர் மறுத்தார், அதுவும் மரியாதையாகத்தான். விவரம் பெர்லினுக்குத் தந்தியில் போனது. பிஸ்மார்க் அந்த மரியாதையை எல்லாம் வெட்டி எறிந்தார். மிச்சத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். பாரிஸ் கொதித்தது. ஆறே நாளில் பிரான்ஸ் போர் அறிவித்தது!

அதே பெனடெட்டி இன்னொரு வம்பிலும் மாட்டினார். பெல்ஜியத்தை பிரான்ஸ் விழுங்கிக்கொள்ளும் ரகசிய ஒப்பந்த வரைவு ஒன்றை 1866-ல் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். பிஸ்மார்க் அதைத் திருப்பித் தரவே இல்லை. பூட்டி வைத்தார். போர் தொடங்கியதும் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வெளியிட்டார். நான்கு வருஷம் காத்திருந்த காகிதம்!

செடான் போரில் தோற்ற பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் எதிரி மன்னருக்கு எழுதிய சரணாகதிக் கடிதம் சில வரிகள்தான். அதை எழுதிய மூன்றாம் நாள் பாரிஸில் அவருடைய ஆட்சியே இல்லை. குடியரசு பிறந்துவிட்டது!

1870 செப்டம்பர் 19. பிரஷ்யப் படை பாரிஸைச் சுற்றி வளைத்தது. உள்ளே சுமார் 20 லட்சம் பேர். செய்ன் நதியின் அடியில் ரகசியமாக ஒரு தந்திக் கம்பி கிடந்தது. ஒரே வாரத்தில் அதையும் எதிரிகள் கண்டுபிடித்து வெட்டிவிட்டார்கள். இனி சாலை இல்லை, ரயில் இல்லை, தந்தி இல்லை. தபால் நின்றதா? இல்லவே இல்லை!

செப்டம்பர் 23. மோன்மார்த்ர் மேட்டிலிருந்து நெப்டியூன் என்ற பலூன் எழும்பியது. உள்ளே 125 கிலோ கடிதம்! எதிரிகளின் தலைக்கு மேலேயே பறந்தது. சுமார் மூன்றே மணி நேரத்தில் எவ்ரோ நகருக்கு அருகே பத்திரமாக இறங்கியது!

பலூன் தபாலுக்கு எடை வரம்பு என்ன தெரியுமா? நான்கு கிராம். இன்று நாம் ஜெராக்ஸ் எடுக்கும் ஒற்றை ஏ4 தாளே ஐந்து கிராம்! மெல்லிய தாளில் பொடிப்பொடியாக எழுதி, 20 சென்டைம் தபால்தலை ஒட்டினால் போதும். கடிதம் வானத்தில்!

ரயில் ஓடாத ரயில் நிலையங்கள் என்ன ஆயின? பலூன் தொழிற்சாலைகள் ஆயின! ஓட்டுவதற்கு ஆள் இல்லை. மாலுமிகளைப் பிடித்துப் பழக்கினார்கள். முற்றுகை முடிவதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட பலூன்கள் பறந்தன. போன கடிதங்கள் 20 லட்சத்துக்கும் மேல்!

அதில் ஒன்று போய் இறங்கியது நார்வேயில்! நவம்பர் 24 நள்ளிரவுக்குச் சற்று முன் பாரிஸில் கிளம்பியது அந்தப் பலூன். காற்று வடக்கே தள்ளியது. கீழே கடல். மறுநாள் பிற்பகல் பனி மூடிய மலை. 15 மணி நேரத்தில் 1,200 கிலோமீட்டருக்கு மேல்! அதற்குள் இருந்தது சாதாரணத் தபால் மட்டுமல்ல. முற்றுகையை உடைக்க பாரிஸ் போட்ட தாக்குதல் திட்டமும் அதில்தான் இருந்தது. உரியவர் கைக்கு அது போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது!

ஜான்சன் என்ற வானியலாளர் பலூனில் தப்பியது எதற்கு? உயிருக்குப் பயந்தா? இல்லை, சூரிய கிரகணம் பார்க்க! இரண்டு வருஷம் முன்பு அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் கிரகணம் பார்த்த அதே ஜான்சன்தான். இந்த முறை அல்ஜீரியா வரை போனார். கிரகண நாளன்று பாழாய்ப்போன மேகம்!

ஓவியர் எதுவார் மானே அப்போது பாரிஸைக் காக்கும் தேசியப் படையில் இருந்தார். மனைவியோ தூரத்தில், பிரனீஸ் மலையடிவாரத்தில். பலூனுக்கு மேல் பலூனாகக் கடிதம் அனுப்பினார் மனுஷன். ஊரில் பூனைக்கறிக் கடை, நாய்க்கறிக் கடை, எலிக்கறிக் கடை எல்லாம் வந்துவிட்டன என்று அதில் எழுதியிருக்கிறார்!

பலூன் வெளியே போகும். திரும்பி வராது. அப்படியானால் பதில் கடிதம்? அதற்குத்தான் புறா! பலூனிலேயே கூண்டில் ஏறிப் போகும். செய்தியோடு வீட்டுக்குப் பறந்து வரும். வாயேன் என்று ஏங்க வைத்த பறவைகள்! நான்கில் ஒரு புறாகூட முழுசாகத் திரும்பவில்லை.

புறா எவ்வளவு சுமக்கும்? இங்கேதான் வருகிறார் புகைப்படக்காரர் தாக்ரோன். பக்கம் பக்கமாகச் செய்திகளை அச்சடித்து, மைக்ரோஃபிலிமில் சுருக்கினார். ஒரு படலத்தின் எடை சுமார் 0.05 கிராம். அதில் ஏறக்குறைய 3,000 செய்தி! படலங்களைச் சுருட்டி ஒரு சின்னக் குழாயில் போட்டு, வால் இறகில் கட்டினார்கள். ஒரே புறா பத்துக்கும் மேற்பட்ட படலங்களோடு வரும். அதாவது வாலில் 30,000 செய்தி! பாரிஸில் விளக்கொளியில் சுவரில் பெரிதாக்கிக் காட்ட, குமாஸ்தாக்கள் உட்கார்ந்து எழுதித் தள்ளினார்கள்.

தாக்ரோனும் பலூனில்தான் பாரிஸைவிட்டு வெளியேறினார். கூடக் கிளம்பிய இன்னொரு பலூனை எதிரிகள் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். அந்த இரண்டு பலூன்களின் பெயர் என்ன தெரியுமா? நியெப்ஸ், தாகேர். புகைப்படத்தைக் கண்டுபிடித்தவர்களின் பெயர்களேதான்!

புறாத் தபாலுக்கு வார்த்தைக்கு 50 சென்டைம். ஏழைகள் என்ன செய்வார்கள்? அதற்கும் வழி இருந்தது. பாரிஸ்காரர் நான்கு கேள்வி எழுதி பலூனில் அனுப்புவார். வெளியூர்ச் சொந்தக்காரர் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் சொன்னால் போதும். அம்மா நலமா? ஆம். பணம் வந்ததா? இல்லை. மொத்தச் செலவு ஏறத்தாழ ஒரு ஃப்ராங்க்!

பாரிஸில் எல்லோரும் செய்திக்குத் தவிக்க, ஒரே ஒருவருக்கு மட்டும் லண்டன் பத்திரிகைகள் வந்தன. அமெரிக்கத் தூதர் வாஷ்பர்ன்! முத்திரையிட்ட அவருடைய தபால் பையை பிரஷ்யர்கள் உள்ளே விட்டார்கள். ஆனால் படித்ததை வெளியே மூச்சுவிடக் கூடாது!

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் கடிதங்களும் மைக்ரோஃபிலிமில்தான் பறந்தன. தாக்ரோனின் அதே வழி! 1,50,000 ஒருபக்கக் கடிதங்களுக்கு 37 மூட்டை வேண்டும். ஃபிலிமாக்கினால் ஒரே மூட்டை!

மறுபடி பாரிஸ் முற்றுகைக்கு வருவோம். வானம் போதாதென்று ஆற்றையும் விடவில்லை பிரெஞ்சுக்காரர்கள். துத்தநாக உருண்டைகளில் கடிதங்களை அடைத்து மூடினார்கள். நீரோட்டத்தில் உருள சின்னச் சின்னத் துடுப்புகள் வேறு. 1871 ஜனவரியில் செய்ன் நதியின் மேற்புறத்தில் போட்டார்கள். பாரிஸில் வலை விரித்துக் காத்திருந்தார்கள். முற்றுகை முடியும்வரை ஒன்றுகூடச் சிக்கவில்லை! அப்புறம் கிடைத்தவற்றில் ஒன்று எப்போது வந்தது தெரியுமா? 1968-ல், பாரிஸையும் தாண்டி, கடலுக்குப் போகும் வழியில் உள்ள சேன்-வாந்த்ரீல் என்ற ஊரில் ஓர் உருண்டை வெளியே வந்தது. திறந்தால் 500-க்கும் மேற்பட்ட கடிதங்கள். 97 வருஷம் தாமதம்!