பூண்டு வாடை அடிக்கும் சொட்டு மருந்து

டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பானைத் தோலில் தடவினால் சிறிது நேரத்தில் மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். அவ்வளவு வேகமாக அது தோலைக் கடந்து ரத்தத்தில் கலந்துவிடுகிறது. டிஎம்எஸ்ஓ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மரக்கூழ் ஆலைகளின் துணைப்பொருளிலிருந்து தயாராவது. 1960-களில் அமெரிக்காவின் ஓரிகனில் ஸ்டான்லி ஜேக்கப் என்ற அறுவை மருத்துவர் இதை மருந்தாக்க முனைந்தார். ஆய்வு விலங்குகளின் கண் வில்லையில் மாற்றம் தெரிந்ததால், 1965-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதனைகளை நிறுத்தியது. பிறகு 1978-இல் ஒருவகைச் சிறுநீர்ப்பை நோய்க்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

கண்ணுக்கே ஆகாது என்று அஞ்சிய இந்தத் திரவத்தை, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோய்க்கும் சிலர் சொட்டு மருந்தாக முயன்று பார்த்தார்கள். ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் முதலில் அழியும். பொழுது சாய்ந்தால் தடுமாற்றம். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே போகும். மருத்துவம் கைவிரித்த நிலையில், பார்வை தெளிந்ததாகச் சிலர் சொன்னபோது மற்றவர்களுக்கும் ஆசை பிறந்ததில் வியப்பில்லை.

ஆனால் அதை எப்படி உறுதிசெய்வது? நோய் பல ஆண்டுகளில் மெல்ல முற்றுவது. பார்வைப் பரப்பை அளக்கும் பரிசோதனையில், ஒளிப்புள்ளி தெரிந்ததும் நோயாளி பொத்தானை அழுத்த வேண்டும். களைப்பும் பழக்கமும் நம்பிக்கையும் அந்த விரலை மாற்றும். அதனால்தான் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் நீரும் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாமல் ஒப்பிடுவார்கள். இங்கே பூண்டு வாடை அந்த ரகசியத்தை எளிதில் உடைத்துவிடும்! என் பார்வையில் இந்த ஆராய்ச்சியின் பெரிய முட்டுக்கட்டை இதுதான்.

2014-இல் லண்டன் ஆய்வாளர்கள் எலிகளின் கண்ணுக்குள் டிஎம்எஸ்ஓவைச் செலுத்தியபோது, குறைந்த அளவிலேயே விழித்திரை நரம்பு செல்கள் மடிந்தன. சொட்டு மருந்து வேறு, கண்ணுக்குள் ஊசி வேறு. ஆனாலும் இதைத் தீங்கற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆலைத் தரத்தில் விற்கும் புட்டியை வாங்கித் தாமாகவே கண்ணில் விடுவது ஆபத்து. திரவத்திலுள்ள மாசையும் அது உடலுக்குள் இழுத்துச் செல்லக்கூடும்.

இந்த நோய்க் குடும்பத்துக்கு நிரூபணமான வழி வேறு திசையிலிருந்து வந்தது. 2017-இல் அமெரிக்கா அனுமதித்த லக்ஸ்டர்னா என்ற மரபணு சிகிச்சை, பழுதான ஆர்பிஇ65 மரபணுவுக்கு மாற்றாக நல்ல பிரதியை விழித்திரைக்குக் கொடுக்கிறது. அந்த மரபணுவின் இரு பிரதிகளிலும் பழுது உள்ளவர்களுக்கு மட்டுமே அது பயன்படும். ஆகவே குடும்பத்தில் இந்த நோய் இருந்தால், எந்த மரபணுவில் கோளாறு என்று கண்டறியும் பரிசோதனை பற்றி விழித்திரை மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.