அந்த 2 மில்லிமீட்டர்

ஃபிலிம் காலத்தில் கேமரா வாங்குவது சம்பந்தம் வைத்துக்கொள்வது போல. நிக்கான் பாடி வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் நிக்கான் லென்ஸ்தான். கேனான் வைத்திருப்பவர் உயிர் நண்பராகவே இருந்தாலும் அவருடைய லென்ஸை இரவல் வாங்கி மாட்ட முடியாது.

மவுண்ட் எனப்படும் வாய் பொருந்தாததுதான் காரணம் என்றால் பட்டறையில் ஒரு வளையம் கடைந்துகொள்ளலாம். வில்லங்கம், லென்ஸ் உட்காரும் விளிம்புக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள தூரத்தில் இருந்தது. நிக்கான் எஃப் மவுண்டில் அது 46.5 மி.மீ.; கேனானின் எஃப்.டி.யில் 42. எஃப்.டி. லென்ஸை நிக்கானில் வைத்தால் 4.5 மி.மீ. முன்னால் தள்ளி நிற்கும். பக்கத்துப் பூ தெளியும். தூரத்து மலை கடைசிவரை தெளியாது.

1987-இல் கேனான் இ.எஃப். மவுண்டுக்கு மாறியபோது இந்தக் கணக்கு அதன் வாடிக்கையாளர்களையே அடித்தது. புது மவுண்டின் தூரம் 44 மி.மீ. வெறும் 2 மி.மீ. கூடியதில், பணத்தைக் கொட்டிச் சேர்த்த எஃப்.டி. லென்ஸ்கள் அதே கம்பெனியின் புதுப் பாடிக்கு ஆகாமல் போயின. போட்டிக் கம்பெனியான நிக்கானின் பழைய லென்ஸோ, மெல்லிய வளையம் ஒன்றோடு அங்கே ஜம்மென்று உட்கார்ந்தது! ஃபோகஸும் அப்பர்ச்சரும் கையால் திருக வேண்டும், அவ்வளவே.

எம்42 என்ற பொது மரை ஒன்றும் இருந்தது. கான்டாக்ஸ் எஸ், பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக், சோவியத் ஜெனிட் எல்லாம் அந்தச் சாதி. ஆனால் சுற்றிச் சுற்றித் திருக யாருக்குப் பொறுமை?

அந்த நாற்பது சொச்சம் மில்லிமீட்டரும் கேமராவுக்குள் எழுந்து விழும் கண்ணாடிக்கு விட்ட இடம். 2008-இல் பானசோனிக் ஜி1 கண்ணாடியே இல்லாமல் வந்தது. இன்று சோனி இ மவுண்டில் தூரம் 18 மி.மீ., கேனான் ஆர்.எஃப்.பில் 20, நிக்கான் இசட்டில் 16. மிச்சப்பட்ட இடத்துக்கு வெறும் குழாய் போன்ற அடாப்டர் போதும். அன்று அநாதையான எஃப்.டி. லென்ஸ் இன்று சோனியில் மலையையும் தெளிவாக எடுக்கிறது. ஜெனிட்டோடு வந்த ஹீலியோஸ் 44-2, பின்னணி இலைகள் சுழல்வதுபோல் காட்டுவதற்காகவே தேடப்படுகிறது.

இப்போதைய தடை மின்முனைகளில். இ.எஃப். லென்ஸில் அப்பர்ச்சர் வளையமே கிடையாது; மின்சாரம் கடத்தாத அடாப்டரில் அது ஊமை. சோனி 2011-இலேயே தன் மவுண்டின் அடிப்படை விவரங்களைப் பிற தயாரிப்பாளர்களுக்குக் கட்டணமின்றிக் கொடுத்தது. ஆர்.எஃப். மவுண்டில் சிக்மாவும் டாம்ரானும் உரிமத்தோடு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் கொண்டுவர 2024 ஆயிற்று. அதுவும் சின்ன சென்சார் கேமராக்களுக்கு. அன்றைய தடைக்காவது ஒளியியல் சாக்கு இருந்தது; இது முழுக்க வியாபாரம்.

பழைய லென்ஸ் தேடிக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடாப்டர் விலை கேட்பதற்கு முன் டார்ச் அடித்து லென்ஸின் உள்ளே பாருங்கள். நம் கடலோர ஊர்களில் பீரோவில் கிடந்தவற்றில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கும். அப்படியிருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.