ஷிப்டுக்குக் கிளம்பும் மாமனார்

விடியற்காலை நாலரை மணி. சென்னை புளியந்தோப்பில் ஒரு குடியிருப்பின் இரண்டாம் மாடி. எழுபத்தாறு வயதுப் பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு கதவுத் தாழ்ப்பாளைத் தடவுகிறார். "சங்கு ஊதிட்டான், நேரமாச்சு." அவர் வேலை பார்த்த பின்னி மில்லை 1996-லேயே மூடிவிட்டார்கள். "எந்த மில்லு? அதை மூடி எவ்ளோ வருஷமாச்சு!" என்று மகன் கத்த, பெரியவர் பதிலுக்குக் கத்த, பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது.

மருமகள் எழுந்து வருகிறார். "டீ போட்டுட்டேன் மாமா, குடிச்சிட்டுப் போலாம்." டம்ளர் காலியாவதற்குள் மில் மறந்துபோகிறது.

இந்த வித்தையை மருமகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டார். அவர் கணவருக்கு இன்னும் தெரியவில்லை.

வயசானா இப்படித்தானா?

இல்லை. ரேஷன் கார்டை வைத்த இடம் தெரியாமல் தேடுவது யாருக்கும் நடக்கும். முப்பது வருடம் நடந்துபோன ரேஷன் கடைக்கு வழி தெரியாமல் பட்டாளம் மார்க்கெட்டில் நிற்பது வேறு. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணித்தது.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு இவையும் மறதியைத் தரும். இவற்றுக்கு மருந்து உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனி சிகிச்சை 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் தொடங்கியது. புளியந்தோப்புக்காரர்களுக்கு அது தூரமில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் பக்கம்தான்.

திருத்தாதீர்கள்

இந்த நோயில் பெரும்பாலும் புதிய நினைவுகள் முதலில் அழியும். பழையவை வெகுநாள் தங்கும். நேற்று வந்த பேரன் முகம் நினைவில் இருக்காது, மில் சங்கு காதில் கேட்கும். அவருக்கு அது நிஜம். அதை மறுத்தால் கோபமும் பயமும்தான் மிஞ்சும்.

"அப்போ பொய் சொல்லணுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. மில் இருக்கிறது என்று சொல்ல வேண்டாம்; மில்லைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். எந்த டிபார்ட்மென்ட், யார் மேஸ்திரி, கேன்டீனில் என்ன கிடைக்கும்? பேசப் பேச முகம் தெளியும்.

ஒரு ஹால், ஒரு அடுப்படி

தனி அறை, தோட்டம், கைப்பிடி வைத்த குளியலறை என்று துண்டுப் பிரசுரங்கள் சொல்லும். இங்கே ஒரே ஹாலில் ஆறு பேர் படுக்கிறோம். நம்மால் முடிந்தவை வேறு. கதவில் ஒரு மணி கட்டுங்கள். திறந்தால் சத்தம் கேட்கும். சட்டைப் பையின் உள்பக்கம் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள். டீக்கடைக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெருவே கண் வைத்துக்கொள்ளும். பொழுது சாயும் நேரத்தில் படபடப்பு கூடும். முன்கூட்டியே விளக்கைப் போடுங்கள். உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால் அவரால் வெளியே வர முடியாது.

திடீரென்று மாறினால்

ஒன்றிரண்டு நாளில் பிதற்றல், அதிகத் தூக்கம், ஆட்களை அடையாளம் தெரியாமை என்று வந்தால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மெடிக்கல் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

பார்ப்பவரை யார் பார்ப்பது?

நம் வீடுகளில் இந்த வேலை ஒரு பெண் தலையில் விழுகிறது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ராத்திரி விழித்திருப்பது எல்லாம் அவர்தான். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு வந்து, "அப்பா ஏன் இப்படி இளைச்சுட்டாரு?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வாரத்தில் ஒரு நாளாவது அவர் வெளியே போய்வர, இன்னொருவர் முறை எடுத்தே ஆக வேண்டும்.

பராமரிப்பைக் கற்றுக்கொள்ள இடமும் இருக்கிறது. அண்ணா நகர் மேற்கு விரிவில் உள்ள ஸ்கார்ஃப் அமைப்பு, டெம்கேர்ஸ் என்ற பெயரில் மறதி நோய்க்கென்றே சேவை நடத்துகிறது. முதியோர் உதவி எண் 14567. மனம் தாங்காதபோது பேச 14416, இரவிலும் எடுப்பார்கள்.

மகன்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டாக்டரிடம் மனைவியை மட்டும் அனுப்பாதீர்கள். கூடப் போய் உட்கார்ந்து, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.