ஒற்றைக் காலில் நிற்கும் சீவியம்

"உங்கள் தொழில் என்ன?" என்று கேட்டால் எங்கள் கமக்காரர் யோசிக்காமல் "கமம்" என்பார். காணியை விட்டு எழும்பி வந்த பிறகு அதே கேள்வியைக் கேட்டால், "இப்ப ஒரு தொழிலும் இல்லை" என்பார். காணியோடு தொழிலும் போய்விட்டது என்ற எண்ணம் இடம்பெயர்ந்த பல குடும்பங்களில் வேரூன்றி விடுகிறது. மீளக் குடியேறியும் கிணறு தூர்ந்து, காணி பற்றையாகிக் கிடக்கும் குடும்பங்களிலும் இதே சோர்வைக் காணலாம்.

இந்த எண்ணம் சரியானதா என்று சற்று ஆராய்வோம். கமம் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை தொழில்கள் அடங்கியிருக்கின்றன! கமக்காரர் நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுகிறார். வேலி அடைக்கிறார், கொட்டில் போட்டுக் கிடுகு வேய்கிறார். மாட்டுக்கு நோய் வந்தால் கைமருந்து செய்கிறார். விதை வெங்காயத்தைப் பிடி கட்டித் தூக்கிப் பாதுகாக்கிறார். சந்தையின் போக்கறிந்து விற்கிறார். வீட்டுப் பெண்கள் ஒடியல் காயவைக்கிறார்கள், பினாட்டுப் போடுகிறார்கள், பாயும் பெட்டியும் இழைக்கிறார்கள், ஆடு கோழி வளர்க்கிறார்கள். காணி பின்னால் நின்றுவிட்டது. இந்த அறிவெல்லாம் உங்களோடு கூடவே வந்திருக்கிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் "ஒன்றும் இல்லை" என்று சொல்லலாமா?

மிளகாயும் வெங்காயமும் தந்த பாடம்

1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் உணவுப் பொருட்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. குடாநாட்டின் செம்பாட்டுத் தோட்டங்கள் செழித்தன. வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் இளைஞர்கள் மிளகாய் பயிரிட்டுக் கையில் காசு கண்டார்கள். 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் சந்தைக்கு வர, விலை விழுந்தது. மண் மாறவில்லை, உழைப்பும் குறையவில்லை. ஆனால் தொலைவில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு தோட்டக்காரரின் வீட்டு அடுப்பைத் தொட்டது.

முழுக் காணியிலும் ஒரே பயிரை வைத்து, அறுவடையை நம்பிக் கடன்பட்டிருந்தவருக்கு அது பேரிடி. தோட்டத்தின் ஒரு பக்கத்தில் மரவள்ளியும் வாழையும், கொட்டிலில் இரண்டு பசுவும் வைத்திருந்தவருக்கும் நட்டம்தான். என்றாலும் அவர் வீட்டில் உலை கொதித்தது. அடுத்த போகத்துக்கு என்ன செய்வது என்று யோசிக்க அவருக்கு அவகாசம் இருந்தது. பல தொழில் அறிந்திருப்பதன் முதற் பயன் இந்த அவகாசமே.

தடைக் காலத்தில் வெளிப்பட்ட திறமை

1990இல் போர் மீண்டும் மூண்ட பின் வடக்கே பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, யூரியா இல்லை, குடாநாட்டில் மின்சாரமும் இல்லை. அப்போது மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் வைத்து இரவைக் கழித்தார்கள். இவற்றைப் பொறியியல் பட்டம் பெற்றவர்கள் வந்து கற்பிக்கும்வரை எவரும் காத்திருக்கவில்லை. தம் தொழிலுக்கு அப்பாலும் கொஞ்சம் ஆர்வம் வைத்திருந்த சாதாரண மக்களின் கைகளே இவற்றைச் செய்தன.

பிற்காலத்திலும் இதே உண்மையைக் கண்டோம். 2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை கைவிடப்பட்டது. அந்த ஒரு போகத்தில் நாடெங்கும் கமக்காரர் திகைத்து நின்றனர். எங்கள் புகையிலைத் தோட்டங்களிலோ பூவரசு, வேம்பு முதலியவற்றின் குழையையும் பனையோலையையும் தாழ்க்கும் வழக்கம் முன்பே இருந்தது. மாட்டுப்பட்டி அடைத்து மண்ணை வளமாக்கும் முறையும் இருந்தது. இந்தப் பழைய அறிவு உரத்தின் குறை முழுவதையும் தீர்த்துவிடாது. ஆனால் அதை அறிந்தவர் முற்றாகக் கைவிடப்பட்டவர் அல்லர்.

எதைப் பல தொழில் என்கிறோம்?

வெங்காயம், மிளகாய், தக்காளி, கத்தரி என்று நான்கு பயிர் வைத்திருப்பவர் "எனக்கு நாலு வருமானம்" என்று எண்ணக்கூடும். அந்த நான்கும் ஒரே கிணற்றையும் ஒரே இயந்திரத்தையும் நம்பியிருந்தால், கிணறு வற்றிய அன்று நான்கும் ஒன்றாகவே வாடும். எனவே ஒரு தொழிலைத் தெரிவு செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: ஒன்று விழும்போது மற்றதும் சேர்ந்து விழுமா? வெள்ளம் பயிரை அழிக்கும். தச்சு வேலையை அழிக்காது. வெள்ளம் வடிந்ததும் தச்சரையும் மேசனையும் தேடித்தான் ஆட்கள் வருவார்கள்.

இரண்டாவது: காசு எப்போது கைக்கு வரும்? நெல்லுக்கு மூன்று நான்கு மாதம் வேண்டும். சின்ன வெங்காயத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் செல்லும். பாலும் முட்டையும் நாளாந்தம் காசு தரும்; ஊர்க்கோழிக் குஞ்சு முட்டையிட ஆறு மாதமளவு பொறுக்க வேண்டும். பெட்டி இழைத்தால் வாரச் சந்தையில் விற்கலாம். தினம் வருவது, மாதத்தில் வருவது, போகத்தில் வருவது என்று கலந்து வைத்திருக்கும் குடும்பம் அரிசிக்குக் கடன்பட வேண்டியதில்லை.

மூன்றாவது: மறுபடியும் எழும்ப நேர்ந்தால் இது கூட வருமா? இது கசப்பான கேள்விதான். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்தவர்களும், 2009இல் வன்னியிலிருந்து முகாமுக்கு வந்தவர்களும் இதன் பொருளை அறிவார்கள். கிணற்றையும் வீட்டையும் தூக்க முடியாது. இயந்திரம் திருத்தவும், தைக்கவும், கணக்கு எழுதவும் பழகிய கைக்கு வண்டில் தேவையில்லை.

"பல மரம் கண்ட தச்சன்"

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று பெரியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அதுவும் நியாயமே. இன்று கோழி, நாளை கடை, மறுநாள் காளான் என்று தாவுபவர் எதிலும் தேறமாட்டார். ஒரு தொழிலை ஆழமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத் தொழில்களை அளவோடு செய்வதையே இங்கு சொல்கிறோம். ஒரு மரத்தை மட்டும் அறிந்த தச்சனும் அந்த மரம் கிடைக்காத ஊரில் உளியை மடித்து வைக்க வேண்டியதுதான்.

இன்னொரு தடையையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். "அது எங்கட ஆக்கள் செய்யிற வேலை இல்லை" என்ற பேச்சு எங்கள் ஊர்களில் இன்னும் மறையவில்லை. பனையோடு, மண்ணோடு, தோலோடு செய்யும் வேலைகளைச் சாதியின் பெயரால் இழிவாக எண்ணியதால் நல்ல தொழில்கள் கற்பாரின்றிப் போயின. பெண்பிள்ளை ஸ்பானர் பிடிப்பதைப் பார்த்துச் சிரிப்பதும் இதே நோய்தான். குடும்பத் தலைவனை இழந்த வீடுகளில் அந்தச் சிரிப்பினால் வயிறு நிறையுமா?

இன்று மாலையே தொடங்கலாம்

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பாயை விரித்துக் குடும்பமாக உட்காருங்கள். ஒரு கொப்பியில் ஒவ்வொருவருக்கும் என்னென்ன வேலை தெரியும் என்று எழுதுங்கள். ஆச்சியையும் அப்புவையும் விட்டுவிடாதீர்கள். அவர்களிடமே அதிகம் இருக்கும். பிறகு அந்தப் பட்டியலில், சொந்தக் காணி இல்லாமல் செய்யக்கூடியவற்றுக்கு ஓர் அடையாளம் இடுங்கள். கையில் உள்ள காசுடன் தொடங்கக்கூடியவற்றுக்கு இன்னோர் அடையாளம். சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் விற்கக்கூடியவற்றுக்கு மூன்றாவது. மூன்று அடையாளமும் விழுந்ததை முதலில் எடுங்கள்.

அதற்கு முன் அயலையும் பாருங்கள். உதவித் திட்டத்தில் இருபது வீட்டுக்கும் தையல் இயந்திரம் கிடைத்தால், சட்டை தைக்கக் கொடுப்பவர் யார்? உங்கள் ஊரில் இல்லாத வேலை எது என்று தேடுங்கள். கடனெடுத்துத் தொடங்க அவசரப்படாதீர்கள். போருக்குப் பின் நுண்கடன் நிறுவனங்களிடம் வாரக் கட்டுப்பணத்துக்கு அகப்பட்ட பெண்கள் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். சிறிதாகத் தொடங்கி, அதில் வந்த காசிலேயே பெருப்பியுங்கள்.

பாடசாலை செல்லாமல் வேலை பழகியவர்களுக்கு ஒரு செய்தி. அனுபவத்தால் பெற்ற திறமையைப் பரீட்சித்து, என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. மேசன், தச்சர், இயந்திரம் திருத்துபவர், தையற்காரர் போன்றோர் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் இதை விசாரிக்கலாம். கையில் இருக்கும் வேலைக்கு ஒரு கடதாசியும் இருந்தால் வெளியூரில் கூலி பேச அது துணை நிற்கும்.

பிள்ளைகளின் விடயத்திலும் விரிந்த மனம் வேண்டும். விடுமுறையில் சைக்கிள் கடையில் நிற்கும் மகனும், தோட்டக் கணக்கு எழுதும் மகளும் படிப்பைக் கெடுத்துக்கொள்வதாக எண்ணாதீர்கள். படிப்பு படிப்பாக நடக்கட்டும், கையும் பழகட்டும்.

காணியைக் கேட்கும் உரிமையை இதற்காக எவரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் மண் உங்களுக்குத் திரும்ப வேண்டும். அதற்காகத் தொடர்ந்து குரல் கொடுப்போம். அந்த நாள் வரும்வரை குடும்பம் பட்டினியின்றி நிமிர்ந்து நிற்க வேண்டும். மண் திரும்பிய பிறகும், ஒரு பயிரின் விலை விழுந்ததற்காக அந்த மண்ணை ஈடு வைக்கும் நிலை வரக்கூடாது. இரண்டுக்கும் வேண்டியது ஒன்றுதான்: தெரிந்த வேலைகளைத் தூசு தட்டி எடுப்பதும், தெரியாத ஒன்றைப் புதிதாகப் பழகுவதும். அடுத்த மாரிக்கு முன் உங்கள் வீட்டில் இரண்டாவது வருமானம் ஒன்று, சிறிதாகவேனும், வரத் தொடங்கட்டும்.